சிவப்பு லைட் எரியும்வரை காத்திருக்காதீர்கள்

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

ஹைபிரிட் கார் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன, அதிலும் முக்கால்வாசிக் கடிதங்களில் இரண்டே விஷயம்தான்: ஒயில் குறைகிறது, இல்லையென்றால் ஏதோ சத்தம் கேட்கிறது. காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட அத்தனை வருடமும் ஏற்கெனவே நாட்டுக்குள் வந்திருந்த அக்வாவையும் பிரியஸையும் ஃபிட்டையும் வெசலையும் வைத்துத்தான் சமாளித்தோம், பலர் இன்னும் அதே காரைத்தான் ஓட்டுகிறார்கள். அந்த எஞ்சின்களுக்கு இப்போது பத்து, பன்னிரண்டு, பதினைந்து வயது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க இதற்கே.

கேள்வி: என்னுடையது 2012 பிரியஸ். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போகும்போது முறிகண்டி தாண்டி பிரேக் பிடித்த நேரம் சிவப்பு ஒயில் கான் லைட் ஒரு கணம் எரிந்து அணைந்தது. பிறகு வளைவுகளில் திரும்பும்போதும் எரிந்தது. மெதுவாக வவுனியா வரை ஓடி ஒரு கராஜில் காட்டினேன், ஒயில் அளவு பார்க்கிற கம்பியில் ஒயிலே ஒட்டவில்லை. இரண்டு லிட்டருக்கு மேல் ஊற்றினார்கள். இப்போது லைட் எரிவதில்லை, ஆனால் ஏற்றம் ஏறும்போது எஞ்சினில் இருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம். "ஒயில் போட்டாச்சு, இனிப் பிரச்சினையில்லை, ஓடுங்கோ" என்கிறார் மெக்கானிக். ஓடலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: வேண்டாம் ஐயா. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை அந்தக் காரில் தூரப் பயணம் போகாதீர்கள்.

முதலில் அந்த லைட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் அதைத் தப்பாகத்தான் விளங்கி வைத்திருக்கிறார்கள். அது ஒயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் லைட் இல்லை. ஒயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லும் லைட். பிரஷர் பார்க்கிற டொக்டர் உங்கள் உடம்பில் எத்தனை லிட்டர் இரத்தம் இருக்கிறது என்று சொல்வதில்லையே, இதுவும் அப்படித்தான். ஒயில் ஒரு லிட்டர் குறைந்தாலும், ஒன்றரை லிட்டர் குறைந்தாலும், பம்ப் உறிஞ்சும் வாய்க்கு ஒயில் எட்டுகிறவரை அழுத்தம் சரியாகவே இருக்கும், லைட்டும் பேசாமல் இருக்கும். இன்னும் குறைந்தபிறகு நீங்கள் பிரேக் பிடிக்கும்போது ஒயில் முன்பக்கம் ஓடிவிடும், வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், அந்த ஒரு கணம் பம்ப் ஒயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். அப்போதுதான் லைட் எரிகிறது. அதாவது உங்களுக்கு அது எரிந்த நேரத்தில் எஞ்சினுக்குள் சுழலும் பாகங்களைத் தாங்குகிற பேரிங்குகள் ஒயில் இல்லாமல் ஓடத் தொடங்கிவிட்டன.

கணக்கையும் பாருங்கள். உங்கள் 1.8 லிட்டர் எஞ்சினுக்கு பில்டரோடு சேர்த்து மொத்தம் 4.2 லிட்டர் ஒயில். கம்பியில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். உங்களுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள் என்றால், மிச்சம் இருந்தது பாதி மட்டில்தான், அதுவும் பழைய ஒயில். அந்த நிலையில் வவுனியா வரை ஏ9 வீதியில் ஓடியிருக்கிறீர்கள்.

சரி, இனி அந்த 'டக் டக்'. ஒயில் பட்டினி கிடந்த எஞ்சினில் மூன்று விதமான சத்தம் வரலாம். எஞ்சினின் மேல்பக்கத்தில், தையல் மெஷின் ஓடுகிறமாதிரி மெல்லிய டிக் டிக் என்றால் அது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்கிற ஹைட்ரோலிக் அட்ஜஸ்டர்கள். உள்ளே ஒயில் வற்றிக் காற்று புகுந்திருக்கும், நல்ல ஒயில் நிரம்பியபின் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் இரண்டு மூன்று விநாடி சங்கிலி உரசுகிற சத்தம் என்றால் அது டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பயம் தருவது: எஞ்சினின் அடிப்பக்கத்தில் இருந்து, பாரம் ஏறும்போது, ஏற்றத்தில், அக்சிலேட்டர் மிதிக்கும்போது கனமாக இடிக்கிற சத்தம். அது பிஸ்டனை கிராங் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ரொட்டின் பேரிங். நீங்கள் எழுதியிருப்பது இதற்குத்தான் கிட்ட வருகிறது.

உறுதிப்படுத்துவது கஷ்டம் இல்லை. ஒயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீற்றர் பூட்டி உண்மையான அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் எஞ்சினில் ஒயில் பில்டர் கடதாசி வகை, கூட்டுக்குள் தனியாக வைப்பது; அதை வெளியே எடுத்து மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் பாருங்கள். மினுங்கும் உலோகத் துகள்கள் இருந்தால் பேரிங் தேயத் தொடங்கிவிட்டது. அப்படியானால் சம்பை, அதாவது எஞ்சினின் அடியில் ஒயில் தங்குகிற தட்டை, கழற்றிப் பார்க்கவேண்டியதுதான். இந்த நிலையில் திறந்தால் சில நேரம் பேரிங் மாற்றுவதோடு முடியும், ஓட விட்டால் ரொட் உடைந்து புளொக்கையே கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

இன்னொன்றையும் எல்லா வாசகர்களும் கவனியுங்கள். லைட் எரிந்தால் "ஹைபிரிட் தானே, பற்றரியில் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று நினைக்காதீர்கள். எஞ்சினை எப்போது எழுப்புவது என்று தீர்மானிப்பது கார், நீங்கள் இல்லை. பிரியஸின் பற்றரி மொத்தமே 1.3 கிலோவாட் மணி, அதிலும் ஒரு பங்கைத்தான் பாவிக்க விடும். ஒன்று இரண்டு கிலோமீற்றரில் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகிவிடும். ஓரமாக நிறுத்தி, பி (பார்க்) போட்டு, பவர் பட்டனை அமத்தி முழுதாக ஓஃப் பண்ணுங்கள். கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள், முன் சில்லு சுற்றினால் உள்ளே மோட்டரும் சுற்றும். முன் சில்லுகளைத் தூக்கி இழுக்கிற வாகனம், அல்லது முழுக் காரையும் ஏற்றிப் போகிற லொறி, இவை இரண்டில் ஒன்றுதான் சரி.

கேள்வி: தனியாகக் கார் ஓட்டுகிற பெண் நான். சேர்விஸுக்கு விட்டால்தான் ஒயில் பார்ப்பார்கள், நானாகப் பொனற்றைத் திறக்கப் பயம். ஹைபிரிட்டில் கரண்ட் அடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: ஒயில் பார்ப்பதில் கரண்ட் அடிக்க வழியே இல்லை தங்கச்சி. உயர் வோல்ற்றேஜ் போகிற வயர்கள் எல்லாம் செம்மஞ்சள் நிற உறைக்குள் இருக்கும், அவற்றையும் அவை போய்ச் சேரும் இன்வேர்ட்டர் பெட்டியையும் தொடாமல் இருந்தால் போதும். ஒயில் கம்பி அவற்றோடு சம்பந்தமே இல்லாத இடத்தில் எஞ்சினில் இருக்கிறது, பிடி மஞ்சளாகவோ ஒரு வளையமாகவோ இருக்கும்.

ஹைபிரிட்டில் கவனிக்கவேண்டிய ஆபத்து வேறு. கார் சத்தமில்லாமல் நிற்கிறது என்பதால் ஓஃப் ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. கார் ஓடத் தயார் என்று காட்டுகிற ரெடி லைட் எரிந்துகொண்டிருந்தால் நீங்கள் கையை உள்ளே விட்டிருக்கும்போதே எஞ்சின் திடீரென்று ஸ்டார்ட் ஆகலாம். ஆகவே பொனற்றைத் திறப்பதற்குமுன் பி போட்டு பவரை ஓஃப் பண்ணி, ரெடி அணைந்ததா என்று கண்ணால் பார்த்து, திறப்பைக் காரில் இருந்து கொஞ்சம் தூரத்தில் வைத்துவிடுங்கள்.

எஞ்சின் சூடேறியபின் பார்ப்பதுதான் சரியான அளவு. வெளியில் போய் வந்ததும் சம தரையில் நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் விடுங்கள், மேலே இருக்கிற ஒயில் வடிந்து இறங்கட்டும். நகரத்துக்குள் நெரிசலில் வந்திருந்தால் எஞ்சின் பாதி நேரம் ஓடியிருக்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கம்பியை இழுத்து, துணியால் துடைத்து, முழுதாக உள்ளே தள்ளி, மறுபடி இழுத்துப் பாருங்கள். முதல் தடவை இழுக்கும்போது தெரிவதை நம்பவேண்டாம். இரண்டு பக்கமும் பாருங்கள், எந்தப் பக்கம் குறைவாகக் காட்டுகிறதோ அதுதான் கணக்கு. கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் பயமில்லை. கீழ்க் கோட்டுக்குக் கிட்ட வந்திருந்தால் அரை லிட்டர் ஊற்றிவிட்டு மறுபடி பாருங்கள். மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள். கூடிப்போன ஒயிலை கிராங் சுழன்று அடித்து நுரையாக்கிவிடும், நுரை பேரிங்குக்கு உதவாது.

மாதத்துக்கு இரண்டு தடவை பாருங்கள், தூரப் பயணத்துக்கு முதல் நாள் கட்டாயம் பாருங்கள். கம்பியை போனில் ஒரு படம் எடுத்து வைத்தால், எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது படங்களிலேயே தெரியும், மெக்கானிக்கிடம் காட்டவும் ஆதாரம் கிடைக்கும். சேர்விஸ் நிலையத்தில் "ஒயில் பார்த்தாச்சு மேடம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், கம்பியை உங்கள் முன்னால் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: என் அக்வா இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லிட்டர் ஒயில் குடிக்கிறது. ஒரு மெக்கானிக் தடித்த ஒயில், அதாவது 20டபிள்யூ-50 ஊற்றினால் நிற்கும் என்கிறார். இன்னொருவர் எஞ்சினைக் கழற்றி ரிங் மாற்றவேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், வவுனியா)

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் விடுங்கள். ஒயில் உண்மையில் எங்கே போகிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

வெளியே ஒழுகுகிறதா? வால்வ் கவர் கஸ்கெட், டைமிங் கவர் ஓரம், பில்டர் இருக்கை, சம்ப் நட், இவ்வளவையும் துடைத்துவிட்டு நூறு கிலோமீற்றர் ஓடியபின் பாருங்கள். அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டு ஒயிலை ஏந்திக்கொள்வதால் நிலத்தில் ஒரு சொட்டும் விழாமலே நிறைய ஒழுகலாம், தட்டைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும். அடுத்தது பிசிவி வால்வ், எஞ்சினுக்குள் சேருகிற ஆவியை மறுபடி உறிஞ்ச விடுவது. சின்னச் சாமான், விலையும் குறைவு, அது அடைபட்டாலோ திறந்தபடி நின்றாலோ எஞ்சின் தன் ஒயிலைத் தானே உறிஞ்சி எரிக்கும். ரிங்கைப் பற்றிப் பேசுவதற்குமுன் அதை மாற்றிவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குறைகிறது என்றால் பிஸ்டனில் இருக்கும் ஒயில் ரிங்தான். சிலிண்டர் சுவரில் ஒட்டும் ஒயிலை வழித்துக் கீழே அனுப்புவது அதன் வேலை. நாள்பட்ட ஒயில் கருகி அதன் துளைகளை அடைத்துவிட்டால் ரிங் பள்ளத்துக்குள் இறுகிப்போகும், வழிக்காது. ஹைபிரிட்டுக்கு இது சீக்கிரம் வரும் என்பது என் கருத்து: சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வருகிற சின்ன ஓட்டங்களில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைந்துவிடுகிறது, அதற்குமேல் "ஹைபிரிட்டுக்கு எஞ்சின் ஓட்டம் குறைவு, ஒயில் பிந்தி மாற்றலாம்" என்று ஒரு பேச்சு எங்கள் ஊர்களில் பரவியிருக்கிறது. அந்தப் பேச்சுத்தான் நிறைய எஞ்சின்களைக் கெடுத்தது.

20டபிள்யூ-50 வேண்டவே வேண்டாம். இந்த எஞ்சின் ஒரு பயணத்திலேயே எத்தனையோ தடவை அணைந்து எழும்புகிறது. ஒவ்வொரு தடவையும் ஒயில் மேலே வேகமாக ஏறவேண்டும், அதனால்தான் 0டபிள்யூ-20 என்கிற மெல்லிய ஒயிலைச் சொல்லியிருக்கிறார்கள். தேய்ந்த எஞ்சினுக்கு, எங்கள் வெயிலுக்கு, 5டபிள்யூ-30 போடுவதை நான் ஏற்றுக்கொள்வேன். அதைத் தாண்டித் தடித்ததைப் போட்டால் ஒயில் குறைவது சற்றுத் தாமதமாகலாம், ஆனால் வால்வ் டைமிங்கும் செயின் டென்ஷனரும் சிரமப்படும், பெற்றோலும் கூடச் செலவாகும்.

டொயோட்டாவின் கையேட்டில் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லிட்டர்வரை குறையலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் காட்டி "இது சாதாரணம்" என்று சொல்வார்கள். அந்த அளவில் குடிக்கிற எஞ்சினை நான் சாதாரணம் என்று சொல்லமாட்டேன். அக்வாவின் எஞ்சினுக்கு மொத்தம் 3.7 லிட்டர் மட்டில்தான் ஒயில். உங்கள் கணக்கில் இரண்டாயிரத்துக்கு ஒரு லிட்டர், பத்தாயிரத்துக்கு ஒரு சேர்விஸ் என்று விட்டால் இடையிலேயே சம்ப் காலி. ஆகவே ஐந்நூறு கிலோமீற்றருக்கு ஒரு தடவை கம்பி பாருங்கள், ஐயாயிரத்தில் ஒயிலும் பில்டரும் மாற்றுங்கள். இரண்டு மூன்று மாற்றலில் நல்ல ஒயிலே ரிங்கை ஓரளவு கழுவி விடுவதும் உண்டு. அப்படியும் குறைவது கூடிக்கொண்டே போனால் கொம்பிரஷன் பார்த்து, பிளக் நிறம் பார்த்து, ரிங் வேலைக்குப் போங்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் எரிகிற ஒயில், புகைக் குழாயில் இருந்து புகையைச் சுத்தப்படுத்துகிற கெற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் கெடுத்துவிடும், அடுத்த புகைப் பரிசோதனையில் அது தெரியவரும்.

கேள்வி: ஹட்டனில் குளிர் அதிகம். காலையில் என் பிரியஸை எழுப்பியதும் எஞ்சின் முழுக் காரையும் உலுக்கிப் போடுகிறது, தகரப் பெட்டிக்குள் கல் போட்டுக் குலுக்கினமாதிரி சத்தம், ஐந்தாறு விநாடியில் சரியாகிவிடும். பகல் முழுக்க ஒன்றுமில்லை. எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, ஒழுக்கு எங்கும் இல்லை. ஒயில் சுத்தமாகத்தான் இருக்கிறது. குளிரால் வருகிறதா? (வாசகர், ஹட்டன்)

பதில்: குளிரால் இல்லை. உங்கள் கடிதத்தில் "கூலன்ட் குறைகிறது" என்ற வரி இல்லாமல் இருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். 2009 முதல் 2015 வரை வந்த பிரியஸில், அந்த 1.8 எஞ்சினில், இது உலகம் முழுக்கத் தெரிந்த நோய். ஹெட் கஸ்கெட், அதாவது எஞ்சினின் தலைக்கும் புளொக்குக்கும் இடையில் இருக்கிற அடைப்புத் தகடு, கசியத் தொடங்கியிருக்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

நடப்பது இதுதான். காரை நிறுத்தியபின்னும் கூலன்ட் குழாய்களில் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த அழுத்தம் கூலன்டைக் கஸ்கெட்டின் பழுதான இடத்தால் ஒரு சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சேரும். காலையில் அந்தச் சிலிண்டர் ஈரத்தால் பற்றாது, மற்ற மூன்றும் பற்றும், எஞ்சின் ஆட்டம் போடும், தண்ணீர் எரிந்து போனதும் அடங்கும். கூலன்ட் சிலிண்டருக்குள்தான் போகிறது, ஒயிலுக்குள் போகவில்லை, அதனால்தான் உங்கள் ஒயில் சுத்தமாக இருக்கிறது. "ஒயில் பால் நிறமாகவில்லை, அதனால் கஸ்கெட் நல்லது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சோதனைக்கு, காரை மாலையில் கராஜில் விட்டு, எஞ்சின் ஆறியபின் கூலன்ட் பக்கத்துக்குப் பிரஷர் பம்ப் பூட்டி இரவு முழுக்க வைக்கச் சொல்லுங்கள். காலையில் பிளக்குகளைக் கழற்றி, சின்ன கமராவை ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டுப் பார்த்தால் எதற்குள் ஈரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கசிகிற சிலிண்டரின் பிஸ்டன் தலை மற்றவற்றைவிடக் கழுவி விட்டமாதிரிச் சுத்தமாக இருக்கும். ஸ்கேன் பண்ணினால் பி0300 தொடக்கம் பி0304 வரை, சிலிண்டர் பற்றாமல் போனதைக் காட்டுகிற மிஸ்ஃபயர் கோட்கள் பதிவாகியிருக்கலாம். பி0401 இருந்தால் அதுவும் முக்கியம், அது இஜிஆர் அடைப்பு.

அந்த இஜிஆரில்தான் கதையின் வேர் இருக்கிறது என்று இந்த எஞ்சினோடு பழகிய மெக்கானிக்குகள் பலர் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். புகையில் ஒரு பங்கைக் குளிர வைத்து மறுபடி எஞ்சினுக்குள் விடுகிற அமைப்பு அது. அதன் கூலருக்குள் கரி படிந்து அடைத்துவிட்டால், எஞ்சினுக்குள் வெப்பம் கூடி, நாளடைவில் ஹெட் கஸ்கெட்டைத் தின்றுவிடும். எஞ்சின் ஒயில் எரித்தால் அந்தக் கரி இன்னும் வேகமாகப் படியும். ஒயில் குறைவதை அலட்சியம் பண்ணாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். 80,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவையாவது இஜிஆர் கூலரையும், வால்வையும், இன்டேக் மனிஃபோல்டில் இருக்கிற சின்னத் துளைகளையும் கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது.

கஸ்கெட் மாற்றுவதாக இருந்தால் ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்த்துத்தான் பூட்டவேண்டும், இஜிஆர் சுத்தம் செய்யாமல் மூடவும் கூடாது, இல்லையென்றால் அதே நோய் திரும்ப வரும். றேடியேற்றருக்குள் ஊற்றுகிற ஒழுக்கு அடைக்கும் மருந்து எதையும் தொடாதீர்கள், அது ஹீற்றரையும் கூலரையும் சேர்த்து அடைக்கும். சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ஒரு காலை சிலிண்டருக்குள் தண்ணீர் அதிகமாகத் தேங்கியிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும், அன்றோடு எஞ்சின் போய்விடும்.

கேள்வி: நுவரெலியாவில் இருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது அக்சிலேட்டரில் கால் வைக்கவே இல்லை, ஆனால் எஞ்சின் திடீரென்று கத்தத் தொடங்குகிறது. இறக்கம் முடிந்ததும் நின்றுவிடுகிறது. ஒயில் குறைவா? (வாசகி, கம்பளை)

பதில்: இல்லை, கார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டர் ஜெனரேற்றராக மாறி பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிடும், அதற்குமேல் அந்தக் கரண்டுக்கு இடமில்லை. அப்போது அந்தக் கரண்டாலேயே எஞ்சினை வெறுமனே சுற்றிச் சக்தியைச் செலவழிக்கிறது. பெற்றோல் போவதில்லை, சத்தம் மட்டும்தான். செங்குத்தான இறக்கம் தொடங்கும்போதே லீவரை பார்க் பண்ணுகிற பி-யில் (P) அல்ல, 'பிரேக்' என்று பொருள்படும் மற்றப் பீ-யில் (B), அதாவது டி-க்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்தில் போட்டுவிட்டால் எஞ்சின் முன்கூட்டியே இழுத்துப் பிடிக்கும், பிரேக் பாட் சூடேறாது. சம தரைக்கு வந்ததும் டி-க்கு மாற்ற மறக்கவேண்டாம். சத்தம் இயல்பானதுதான் என்றாலும் அந்த வேகத்தில் சுற்றும்போதும் எஞ்சினுக்கு ஒயில் வேண்டும், மலையில் இறங்குவதற்குமுன் கம்பி பார்ப்பது நல்லது.

கேள்வி: டிரைவர் கதவைத் திறந்ததும் முன்பக்கத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஏதோ சுற்றுகிறது. முன்பு இல்லாமல் இப்போது ஓடும்போதும் அடிக்கடி வருகிறது. (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: கதவைத் திறந்ததும் சில விநாடி வருவது இயல்பு, பிரேக்குக்கு அழுத்தம் சேர்க்கிற பம்ப் அது. "இப்போது ஓடும்போதும் அடிக்கடி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கவலை. காரை ரெடியில் வைத்து, பி போட்டு, பிரேக்கில் கால் வைக்காமல் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் பிரேக்கைத் தொடாமலே பம்ப் ஒரு நிமிடத்துக்குள் திரும்பத் திரும்ப ஓடினால், சேர்த்து வைத்த அழுத்தம் உள்ளேயே கசிகிறது. சி1391, சி1256 என்ற கோட்கள் இருக்கிறதா என்று ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். அழுத்தம் முழுதாக விழுந்தால் பிரேக் கல்லாக இறுகி, மிதிக்க முழுப் பலமும் வேண்டியிருக்கும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. சாமான் விலை அதிகம், அதனால் வேறு காரில் கழற்றிய பழைய சாமானைப் போடச் சொல்வார்கள். அதே வயதுக் காரில் இருந்து வந்த சாமான் எவ்வளவு காலம் தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பூட்டியபின் பிரேக் குழாய்களில் இருந்து காற்று எடுப்பதற்கும் ஸ்கேன் கருவி வேண்டும், அது இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பின் சீற் பக்கத்தில் மின்விசிறி ஓடுகிற சத்தம், வெயில் நேரத்தில் மிக அதிகம். (வாசகர், மன்னார்)

பதில்: பற்றரியைக் குளிர்விக்கிற விசிறி. பின் சீற்றின் ஓரத்தில் ஒரு காற்று வாய் இருக்கும், அதைப் பையோ துணியோ மறைக்கக் கூடாது. மன்னார்ப் புழுதிக்கு அந்த வாயின் வலையும் விசிறியும் சீக்கிரம் அடைபடும், கழற்றிச் சுத்தம் செய்தால் சத்தம் குறையும், பற்றரியும் நீண்ட காலம் உழைக்கும். ஏசி போட்டு ஓட்டுங்கள், காருக்குள் இருக்கிற காற்றைத்தான் பற்றரியும் சுவாசிக்கிறது.

கேள்வி: கனடாவில் இருந்து எழுதுகிறேன், ராவ்4 ஹைபிரிட். இரண்டு சந்தேகம். இரவில் கார் நிறுத்திப் பல மணி நேரத்துக்குப்பின் காருக்கு அடியில் இருந்து ஒரு இரைச்சல் வருகிறது, யாரும் காரில் இல்லை. மற்றது, பனிக்காலத்தில் ஒயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கிறது, மூடியில் வெள்ளைப் பசை. (வாசகர், ஸ்காபரோ)

பதில்: முதலாவதற்குப் பயப்படவேண்டாம். வட அமெரிக்காவில் விற்கும் டொயோட்டாக்களில், ஓஃப் பண்ணி ஐந்து மணி நேரமளவில், பெற்றோல் தாங்கியில் இருந்து ஆவி கசிகிறதா என்று கார் தானே சோதித்துப் பார்க்கும். அந்தச் சின்னப் பம்பின் சத்தம், சில நிமிடத்தில் நின்றுவிடும்.

இரண்டாவது கவனிக்கவேண்டியது. கடைக்கும் வேலைக்குமாகச் சின்ன ஓட்டம், கடும் குளிர், எஞ்சின் சூடாவதற்குள் அணைவது, இப்படி இருந்தால் எரியாத பெற்றோலும் ஈரப்பதமும் ஒயிலில் சேர்ந்துவிடும். ஒயில் அளவு கூடியதற்குக் காரணம் பெற்றோல், வெள்ளைப் பசைக்குக் காரணம் ஈரம். கம்பியை மணந்து பாருங்கள், பெற்றோல் வாசம் அடித்தால் சேர்விஸ் திகதிக்குக் காத்திருக்காமல் ஒயிலை மாற்றிவிடுங்கள், நீர்த்துப்போன ஒயில் பேரிங்கைக் காப்பாற்றாது. கூலன்ட் தாங்கியில் குளிர்ந்த நேரத்து அளவைப் பேனையால் ஒரு கோடு போட்டு வையுங்கள்; அந்தக் கோடு அப்படியே நின்றால் பசை வெறும் ஈரம்தான், இறங்கினால் மேலே ஹட்டன் வாசகருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டினால் ஒயில் நன்றாகச் சூடாகி இரண்டும் ஆவியாகப் போய்விடும்.